வெளிநாட்டில் அகதிகளுக்காக உழைக்கும் தொண்டு அமைப்புக்கு விருது வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சொந்த நாடல்லாத ஒரு நாட்டில், அகதிகளுக்கு உதவும் சிறிய தொண்டு அமைப்பு ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரு விருது கிடைத்த பிறகு, இதே வேலையில் இருக்கும் பலர் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி வந்தேன், இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். நாங்கள் சரியாகச் செய்ததும் இதில் இருக்கிறது, தவறவிட்டதும் இருக்கிறது.

எங்கள் அமைப்பை ஒரு விருதுக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்யட்டும்?

பணம் கேட்கிறார்களா என்று பாருங்கள். பதிவுக் கட்டணம், விழா மேசைக் கட்டணம், கேடயம் செய்யும் செலவு, "விருந்தினர் பொதி" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, அது விருது இல்லை, வியாபாரம். அகதிகளுக்கு வந்த நன்கொடையை எடுத்துக் கேடயம் வாங்குவதைவிட மோசமான செலவு எனக்குத் தெரிந்து கிடையாது.

பணம் கேட்கவில்லை என்றால் அடுத்து மூன்று விஷயங்களை விசாரியுங்கள். யார் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது, இதற்கு முன் யார் யாருக்குக் கொடுத்தார்கள். பழைய பட்டியலில் இருக்கும் ஓர் அமைப்புக்கு எழுதிக் கேட்டால் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம், ஒரே நாளில் பதில் வந்தது.

இந்தத் துறையில் மதிப்புள்ள விருதுகள் என்னென்ன?

அகதிகள் பணிக்கென்றே இருக்கும் பழைய விருது, ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் நான்சென் விருது. 1954இல் தொடங்கியது, முதலில் வாங்கியவர் எலினார் ரூஸ்வெல்ட். நார்வேக்காரரான ஃபிரிட்ஜோஃப் நான்சென் துருவப் பயணி. முதல் உலகப்போருக்குப் பிறகு நாடில்லாமல் நின்ற லட்சக்கணக்கானவர்களுக்காக 1922இல் ஒரு பயணப் பத்திரம் கொண்டுவந்தார், அதைத்தான் நான்சென் பாஸ்போர்ட் என்கிறார்கள். அதே வருடம் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது, அந்தப் பணத்தை நிவாரண வேலைக்கே கொடுத்துவிட்டார்.

ஆசியாவில் ரமோன் மகசேசே விருது அகதிகளுக்காக உழைத்தவர்களையும் கண்டுகொண்டிருக்கிறது. 2002இல் வாங்கிய சிந்தியா மாங், பர்மாவில் (இன்றைய மியான்மர்) 1988இல் ராணுவ அரசு நடத்திய ஒடுக்குமுறையின்போது எல்லை தாண்டி வந்த மருத்துவர். அடுத்த ஆண்டே தாய்லாந்தின் மே சோட்டில் சிறிய மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். மனிதநேயப் பணிக்கு அரோரா விருது என்று இன்னொன்று, 2016 முதல் தருகிறார்கள். அது தொடங்கிய விதம் எனக்குப் பிடிக்கும்: பெரிய தொகையான 10 லட்சம் டாலரை, விருது பெறுபவர் தான் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள்.

ஆனால் உங்களுக்கு வரப்போவது இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. நகராட்சி, பல்கலைக்கழகம், மருத்துவர் சங்கம், மத அமைப்பு, புலம்பெயர்ந்தோர் சங்கம் தருகிற விருதாகத்தான் இருக்கும். அதைச் சின்னது என்று நினைக்காதீர்கள். முகாமுக்குத் தண்ணீர் இணைப்பு கொடுக்கிற நகராட்சி உங்களைப் பாராட்டினால், அடுத்த வாரம் போய்ப் பேசும்போது உங்கள் பேச்சுக்கு எடை கூடியிருக்கும்.

நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டதாக எங்கள் துண்டுப் பிரசுரத்தில் போடலாமா?

வேண்டாம். நாடாளுமன்ற உறுப்பினர்கள், குறிப்பிட்ட துறைப் பேராசிரியர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கும் உரிமை இருக்கிறது. பரிந்துரை விவரங்களை நோபல் குழு 50 வருடம் வெளியிடாது. யாரோ ஒருவர் படிவம் அனுப்பினார் என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை. விவரம் தெரிந்த நன்கொடையாளர் அதைப் பார்த்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்.

பரிந்துரைப் படிவத்தில் என்ன எழுதுவது? எங்களுக்கு நன்றாக எழுத வராது.

நன்றாக எழுத வேண்டியதில்லை, துல்லியமாக எழுதுங்கள். "ஆயிரக்கணக்கானோர் வாழ்வில் ஒளியேற்றினோம்" என்ற வரியைத் தேர்வுக் குழுவினர் அன்றைக்கே நாற்பது படிவங்களில் படித்திருப்பார்கள். எங்கள் முதல் படிவமும் அப்படித்தான் இருந்தது, திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது முறை எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒரு யோசனை சொன்னார்: "ஒரு நாளை எழுதுங்கள்." நான் அவருடைய ஒரு நாளையே எழுதினேன். காலை ஏழு மணிக்குப் பதிவு அலுவலகத்தின் வரிசை, அங்கே ஒரு தாய். இரண்டு நாடுகளின் நாள்காட்டி வேறு வேறு என்பதால் அவருடைய மகன் பிறந்த தேதியைத் தப்பாகப் பதிந்திருந்தார்கள், அதனால் பையன் பதினெட்டு தாண்டியவன் என்று வேறு பிரிவுக்குப் போயிருந்தான். அந்த ஒரு தேதியைத் திருத்த எத்தனை மேசைகள், எத்தனை முத்திரைகள், எத்தனை வாரங்கள் ஆயின என்று எழுதினேன். அந்தப் பக்கத்தைத்தான் குழுவினர் பிறகு எங்களிடம் குறிப்பிட்டுப் பேசினார்கள்.

எண் தெரிந்தால் எண்ணை எழுதுங்கள், தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். ஒரே ஆள் ஐந்து முறை வந்திருந்தால் அது ஐந்து வருகை, ஐந்து பேர் ஆகிவிடாது.

விருது தருபவர்கள் எங்கள் பயனாளிகளின் புகைப்படமும் கதையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அகதியாக ஒருவர் வந்திருக்கிறார் என்றால் அவரைத் துரத்தியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அவருடைய அப்பா, அக்கா, மாமா யாராவது அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கலாம். விழா மேடையின் பெரிய திரையில் வரும் முகம் அரை மணி நேரத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கைபேசியில் இருக்கும். அப்புறம் புகலிட மனு. ஒருவர் மனுவில் சொன்னதற்கும், உங்கள் விழாக் காணொளியில் சுருக்கிச் சொன்னதற்கும் ஒரு ஆண்டோ ஓர் ஊர்ப் பெயரோ மாறியிருந்தால், விசாரணை அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டு "முன்னுக்குப் பின் முரண்" என்று எழுத முடியும்.

எங்களிடம் தையல் வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணிடம் படம் எடுக்கச் சம்மதம் கேட்டோம். உடனே தலையாட்டினார். படிவத்தில் கையெழுத்தும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "வேண்டாம் என்று சொன்னால் வகுப்பில் இடம் இருக்குமா?" அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சாப்பாடும் வகுப்பும் மருந்தும் நம் கையிலிருந்து வாங்குகிறவர் நம்மிடம் சொல்லும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. அவர் படத்தை நாங்கள் பயன்படுத்தவில்லை. அதற்குப் பிறகு எங்கள் விதி இது: சம்மதத்தைக் கேட்பவர் பொருள் வழங்குபவராக இருக்கக் கூடாது, அவரவர் தாய்மொழியில் கேட்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும், குழந்தைகளின் முகம் எந்த நிலையிலும் கிடையாது. கைகள், தைத்த துணி, வகுப்பறைக் கரும்பலகை, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் என்று படம் எடுக்க எவ்வளவோ இருக்கிறது.

விருது தருபவர்கள் "முகம் இல்லாவிட்டால் தாக்கம் இருக்காதே" என்று சொல்வார்கள். முகம் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்களுக்குத் தந்தவர்கள் இரண்டு மடல்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் விருதை விட்டுவிடவும் தயாராக இருந்தோம்.

விருதை யார் பெயரில் வாங்குவது? நிறுவனர் பெயரிலா, அமைப்பின் பெயரிலா?

முடிந்தவரை அமைப்பின் பெயரில். தனிநபர் விருதாகத்தான் தருவோம் என்றால், அந்தத் தனிநபர் வெளிநாட்டிலிருந்து வந்த நீங்களாகத்தான் இருக்க வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

உலகத்தின் அகதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் பக்கத்து நாட்டில்தான் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் கதவைத் திறந்தது நீங்களும் நானும் இல்லை, எல்லையோரத்தில் இருந்த ஒரு குடும்பம். அதற்குப் பிறகு முகாமுக்குள் பள்ளிக்கூடம் நடத்தியவரும் பிரசவம் பார்த்தவரும் பெரும்பாலும் இன்னொரு அகதிதான். நான்சென் விருதே கடந்த சில ஆண்டுகளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. 2015இல் வாங்கிய அகீலா ஆசிஃபி 1992இல் காபூலிலிருந்து ஓடிவந்த ஆசிரியை. பாகிஸ்தானின் கோட் சந்தனா அகதிக் குடியிருப்பில், இரவல் வாங்கிய ஒரு கூடாரத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தார். 2023இல் வாங்கிய அப்துல்லாஹி மிரே கென்யாவின் தடாப் முகாமில் வளர்ந்தவர், அங்கிருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு லட்சம் புத்தகங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். எங்களுக்கு வந்த விருது என் பெயரில் வந்தது. நாங்கள் பேசி, என் பெயரோடு இரண்டு பெயர்களைச் சேர்க்கச் சொன்னோம்: மொழிபெயர்ப்பாளர் ஒருவர், பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் அக்கா ஒருவர். அக்கா வேண்டாம் என்றார். அவர் கணவருடைய உறவினர்களில் பாதிப் பேருக்கு அகதிகள் வந்ததே பிடிக்கவில்லை, பெயர் வெளியே வந்தால் வீட்டில் தொல்லை. அவருடைய பெயரைப் போடவில்லை. விருதில் பெயர் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்ல மனதோடு செய்தாலும் கேட்காமல் செய்தால் அது தொல்லையாகிவிடும்.

எங்களோடு வேலை செய்யும் அகதியை விருது விழாவுக்கு அழைத்துப் போக முடியுமா?

முயற்சி செய்யுங்கள், ஆனால் அழைப்பு வந்த அன்றே ஆரம்பியுங்கள். அகதியாக ஏற்கப்பட்டவர் தன் சொந்த நாட்டின் கடவுச்சீட்டைப் பயன்படுத்தினால் அவருடைய அகதி நிலைக்கே ஆபத்து வரலாம். 1951 அகதிகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவுப்படி, சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்கு அந்த நாடு பயணப் பத்திரம் தர வேண்டும். எல்லா நாடுகளும் அதில் கையெழுத்திடவில்லை, கையெழுத்திட்ட நாடுகளிலும் பத்திரம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குப் பிறகு விசா, அப்புறம் திரும்பி வரும்போது உள்ளே விடுவார்கள் என்ற உறுதி. மனு நிலுவையில் இருப்பவர் நாட்டைவிட்டு வெளியே போனால் பல இடங்களில் மனுவைக் கைவிட்டதாகவே கருதிவிடுவார்கள், அதனால் வழக்கறிஞரிடம் கேட்காமல் பயணச்சீட்டு போடாதீர்கள்.

எங்கள் மொழிபெயர்ப்பாளருக்குப் பத்திரம் வரவில்லை. விழா ஒரு வியாழக்கிழமை, பத்திரம் கையில் கிடைத்தது அதற்கு அடுத்த மாதம். அவர் முகாமிலிருந்து காணொளி அழைப்பில் பார்த்தார், அவர் பெயரைச் சொல்லும்போது இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பி வந்து அவரிடம் அந்தப் பகுதியை என் கைபேசியில் போட்டுக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். "என் பெயரைச் சரியாக உச்சரித்திருக்கிறார்கள்" என்றார். விழாவுக்கு முந்தைய நாள் அறிவிப்பாளரிடம் உட்கார்ந்து அந்தப் பெயரைப் பத்து முறை சொல்லிக்கொடுத்தது, அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை என்று இன்றும் நினைக்கிறேன். நீங்களும் அதைச் செய்யுங்கள்.

மேடையில் மூன்று நிமிடம் பேசச் சொல்கிறார்கள். என்ன பேசுவது?

ஒரே ஒரு கோரிக்கை. நன்றிக்கு அரை நிமிடம் போதும். 1999இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அமைதி நோபல் கிடைத்தபோது, ஆஸ்லோ மேடையில் அவர்கள் சார்பில் பேசிய ஜேம்ஸ் ஆர்பின்ஸ்கி எடுத்த எடுப்பிலேயே செச்னியாவில் பொதுமக்கள் மீது நடக்கும் குண்டுவீச்சை நிறுத்தும்படி ரஷ்யாவைக் கேட்டார். நம் மேடை அவ்வளவு பெரியது இல்லை, கேட்கிற முறை அதேதான். அறையில் இருக்கும் யாரால் எதைச் செய்ய முடியுமோ அதைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது, முகாம் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை உள்ளூர்ப் பள்ளிகள் ஏற்க வேண்டும் என்பது. கல்வித் துறையிலிருந்து ஒருவர் முன் வரிசையில் இருந்தார், விழா முடிந்ததும் வந்து பேசினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கவில்லை. பதினோரு பிள்ளைகளுக்கு நடந்தது.

யாருடைய துயரக் கதையையும் அவர் இல்லாத இடத்தில் மேடையேற்றாதீர்கள்.

விருதுப் பணத்தை எப்படிக் கையாள்வது?

அமைப்பின் கணக்கில் போடுங்கள், தனியாகக் கணக்கு எழுதுங்கள், வரி உண்டா என்று இரண்டு நாட்டிலும் கேளுங்கள். இன்ன செலவுக்கு மட்டும் என்ற நிபந்தனை இல்லாமல் வரும் பணம் நம் துறையில் அபூர்வம். நன்கொடையாளர் யாரும் தர விரும்பாத செலவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்: வாடகை, வண்டிப் பழுது, ஊழியர்களின் மருத்துவச் செலவு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் நோபல் பணத்தை, மருந்துக் கம்பெனிகள் கண்டுகொள்ளாத நோய்களுக்கான வேலைக்கு ஒதுக்கியது. யாரும் பார்க்காத இடத்துக்குப் பணம் போக வேண்டும் என்ற அந்த முடிவு எனக்கு வழிகாட்டி.

வேண்டாம் என்று மறுத்தால் தப்பா?

இல்லை. அகதிகளைத் தடுத்து வைக்கும் அரசோ, அவர்களை விரட்டிய போருக்கு ஆயுதம் விற்ற நிறுவனமோ விருது தந்தால் மறுப்பதுதான் சரி என்பது என் கருத்து. 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் அகதிகளைத் துருக்கிக்குத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பந்தம் போட்டன. அதை எதிர்த்து அதே ஆண்டு ஜூனில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, ஒன்றியத்திடமிருந்தும் அதன் உறுப்பு நாடுகளிடமிருந்தும் இனிப் பணம் வாங்குவதில்லை என்று அறிவித்தது. விருதை விடப் பெரிய இழப்பு அது.

ஆனால் சிறிய அமைப்புக்கு இது சுலபம் இல்லை. நீங்கள் வேலை செய்யும் நாட்டின் அரசு தரும் பாராட்டை மறுத்தால் அனுமதி புதுப்பிப்பதில் சிக்கல் வரலாம், அதன் விலையை முகாமில் இருப்பவர்கள் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட சூழலில், பத்திரிகைக்குச் சொல்லாமல் அமைதியாக "இந்த ஆண்டு எங்களால் வர இயலவில்லை" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பாராட்டு கிடக்கட்டும், எங்கள் மீது வழக்கே போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு யார் விருது தரப் போகிறார்கள்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பால் க்ரூனிங்கரைப் பற்றித்தான் எழுதுகிறேன். சுவிட்சர்லாந்தின் செயின்ட் கேலன் மாநிலத்தில் காவல்துறைத் தலைவராக இருந்தவர். எல்லையை மூடிவிட்ட பிறகும், 1938இலும் 1939இலும் யூத அகதிகளை உள்ளே விட்டார், எல்லை மூடுவதற்கு முன்பே அவர்கள் நுழைந்ததாகத் தேதியை மாற்றி எழுதினார். 1939இல் வேலை போனது, அடுத்த ஆண்டு குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 1972இல் வறுமையிலேயே இறந்தார். அந்தத் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்தது 1995இல்.

நம் காலத்திலும் ஒரு செய்தி இருக்கிறது, இது கொஞ்சம் தெம்பு தரும். இத்தாலி எல்லையோரம் ரோயா பள்ளத்தாக்கில் புலம்பெயர்ந்தோருக்கு உதவியதற்காக செத்ரிக் எரு என்ற விவசாயி மீது பிரான்சில் வழக்கு நடந்தது. 2018 ஜூலையில் அந்த நாட்டின் அரசியல் சாசன மன்றம், தேசிய முழக்கத்தில் இருக்கும் சகோதரத்துவம் என்ற சொல்லுக்கு அரசியல் சாசன மதிப்பு உண்டு, தன்னலமில்லாமல் ஒருவருக்கு உதவும் சுதந்திரம் அதிலிருந்து வருகிறது என்று சொன்னது. எந்தக் கேடயத்தையும்விடப் பெரிய அங்கீகாரம் அது, ஏனென்றால் அடுத்து உதவப் போகிறவருக்கும் அது பயன்படும். உங்கள் வழக்கின் தாள்கள் ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள், நல்ல வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

விருது வாங்கியதிலிருந்து எங்கள் குழுவுக்குள் மனக்கசப்பு. என்ன செய்வது?

இது எல்லா இடத்திலும் நடக்கிறது. இரவு பகலாக நின்றவர்களுக்குத் தங்கள் பெயர் விட்டுப்போனது வலிக்கத்தான் செய்யும். மழுப்பாமல் உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் ஒரு மாலை முழுக்க அதற்காகவே ஒதுக்கினோம், இரண்டு பேர் அழுதார்கள், ஒருவர் எழுந்து போய்விட்டு மறுநாள் வந்தார்.

கேடயத்தை எங்கே வைப்பது?

அதிகாரிகள் வந்து உட்காரும் அறையில் வையுங்கள். பொருள் வாங்க மக்கள் நிற்கும் வரிசைக்கு எதிரில் வேண்டாம்.

விருதுக்குப் பிறகு என்ன மாறும்?

வரிசை நீளும். செய்தி பரவியதும், எங்களிடம் நிறையப் பணம் வந்துவிட்டது என்று நம்பிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே அறுபது பேர் நின்றார்கள், எங்களிடம் வழக்கம் போல முப்பது பொட்டலம்தான் இருந்தது. அதனால் செய்தி வெளிவரும் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், அந்த வாரத்துக்குக் கூடுதலாகப் பொருள் வாங்கி வையுங்கள், வரிசையில் நிற்பவர்களின் மொழி பேசத் தெரிந்த ஒருவரைக் காலை ஆறரைக்கே வாசலில் நிறுத்துங்கள்.